பிள்ளை தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறானா? கையெழுத்துக்கு முன் வீட்டார் செய்ய வேண்டியவை

என் தம்பி தன் முதல் தொழில்முறைக் கால்பந்து சீசனின் முதல் நான்கு மாதங்களைக் கேலரியில் உட்கார்ந்துதான் கழித்தான். காயம் இல்லை. கோச்சுக்கும் அவன் மேல் வருத்தம் இல்லை. பிறப்புச் சான்றிதழில் அவன் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது, பாஸ்போர்ட்டில் அது இல்லை, அவ்வளவுதான். அவனை ஆட்டக்காரராகச் சங்கத்தில் பதிவு செய்ய அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. நாங்கள் திருத்தி அனுப்புவதற்குள் பதிவுக் காலம் முடிந்துவிட்டது. சம்பளம் மாதாமாதம் வந்தது, ஆட்டம் வரவில்லை. பதினேழு வயதுப் பையன் அதை எப்படித் தாங்கினான் என்று இப்போதும் நான் அவனிடம் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஆட்டம் தெரியும், அம்மாவுக்குத் தம்பியைத் தெரியும். ஒப்பந்தம் யாருக்கும் தெரியாது. அதனால் காகித வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. அந்த ஒரு வருடத்தில் தட்டுத்தடுமாறிக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கால்பந்து என்பதால் அதை வைத்தே அதிகம் பேசுவேன். டென்னிஸ் போன்ற தனிநபர் ஆட்டங்களில் கணக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன். உலக அமைப்பின் விதிக்கு மேல் ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் தன் பங்குக்குச் சில விதிகள் வைத்திருக்கும். அந்தப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. வயதுக் கணக்கை முதலில் போடுங்கள்

பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டதா இல்லையா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாமே முடிவாகிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, 18 வயது ஆகாத ஆட்டக்காரர் வேறு நாட்டு கிளப்புக்கு மாற முடியாது. விதிவிலக்குகள் உண்டு: ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்த நாட்டுக்கே குடிபெயர்வது, ஐரோப்பிய ஒன்றிய, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளுக்குள் 16 முதல் 18 வயதுக்காரர்கள் மாறுவது, எல்லைக்கு 50 கிலோமீட்டருக்குள் வீடும் கிளப்பும் இருப்பது, இப்படிச் சில. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

"வெளிநாட்டு கிளப்பில் டிரையல், தங்குமிடம் உட்பட, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று 16 வயதுப் பையனின் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கும் அப்படி ஒருவர் வந்தார். கிளப்பின் முத்திரை போட்ட கடிதம்கூட வைத்திருந்தார். அந்தக் கிளப்பின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இருந்த மின்னஞ்சலுக்கு நான் எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது, அப்படி ஒரு டிரையலே இல்லை என்று. ஆட்டக்காரரை உண்மையிலேயே விரும்பும் கிளப் அவர் வீட்டாரிடம் பணம் கேட்காது.

18-க்குக் கீழே உள்ளவரின் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. ஐந்து வருடம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பகுதியை ஃபிஃபா கணக்கில் எடுத்துக்கொள்ளாது. 18 ஆனவர்களுக்குப் பொதுவான உச்சம் ஐந்து வருடம்.

பெண்கள் டென்னிஸில் 14 முடியாதவர் தொழில்முறைப் போட்டியில் ஆட முடியாது. 14 முதல் 18 வரை வருடத்துக்கு இத்தனை போட்டி என்று வரம்பு உண்டு. அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே பயண டிக்கெட்டுகள் போடுங்கள்.

2. ஒரு ஃபைல் போடுங்கள், இன்றைக்கே

கையெழுத்துக்கு ஒரு வருடம் முன்பாகவே இதைத் தொடங்கினால் நிம்மதி. ஃபைலில் இருக்க வேண்டியவை:

- பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தேசிய அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ்கள்
- பெற்றோர் அல்லது பாதுகாவலரின் அடையாள ஆவணங்கள். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால், பிள்ளை யார் பொறுப்பில் என்ற நீதிமன்ற ஆணை
- 12 வயதிலிருந்து எந்தெந்த அணியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பதிவாகியிருந்தார் என்ற பட்டியலும் அதற்கான அட்டைகளும்
- எல்லா ஸ்கேன், எக்ஸ்ரே, அறுவை சிகிச்சைக் குறிப்புகள், தடுப்பூசி விவரம்
- தனியாகப் பயணம் செய்ய நோட்டரி சான்றுடன் பெற்றோர் சம்மதக் கடிதம்

இதையெல்லாம் சேர்த்த பிறகு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பெயர்களை மட்டும் பாருங்கள். ஒரு ஆவணத்தைத் திறந்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதி, அடுத்த ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும் அப்படியே. நான் ஆவணங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன், ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவில்லை. அந்த ஒரு எழுத்தைத் திருத்த பதினொரு வாரம் ஆனது.

எந்தத் திருத்தத்தையும் முதலில் பிறப்புச் சான்றிதழில் செய்யுங்கள், அதை வைத்து மற்றவற்றை மாற்றுங்கள். தலைகீழாகப் போனால் ஒவ்வொரு அலுவலகமும் மற்ற அலுவலகத்தைக் கைகாட்டும். பாஸ்போர்ட் காலாவதி ஆக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல நாடுகள் அதற்குக் குறைந்தால் உள்ளே விடுவதில்லை.

அணிகளின் பட்டியல் எதற்கு என்று கேட்பீர்கள். ஒருவர் முதன்முதலாகத் தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிவாகும்போது, அவரை வளர்த்த கிளப்களுக்குப் புதிய கிளப் பயிற்சி இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கலாம். பின்னாளில் ஒப்பந்தக் காலத்தின் நடுவே பெரும் தொகைக்கு அவர் வேறு நாட்டு கிளப்புக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்களுக்குப் பிரித்துத் தரப்படும். இந்தப் பணத்தில் வீட்டாருக்கு ஒரு காசும் வராது. ஆனால் தேதிகள் குழப்பமாக இருந்தால் வாங்க வந்த கிளப் தயங்கும். தம்பி 13 வயதில் ஒரு சீசன் ஆடிய சின்ன அணியின் கடிதத்துக்காக, அதன் பழைய செயலாளரைத் தேடிப் போய் நின்றேன். அவர் ஒரு பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்தார். அதில் பென்சிலால் தம்பியின் பெயரும் சேர்ந்த தேதியும் இருந்தன. அந்தப் பென்சில் எழுத்துதான் காப்பாற்றியது.

3. ஏஜென்ட் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள்

முதல் ஒப்பந்தத்துக்கு ஏஜென்ட் கட்டாயமில்லை. விளையாட்டு ஒப்பந்தம் பார்த்துப் பழகிய ஒரு வழக்கறிஞருக்கு, ஒரு தடவை படித்துச் சொல்வதற்கான கட்டணத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். சம்பளத்தில் பங்கு கொடுப்பதைவிடப் பெரும்பாலும் இது மலிவு. எதிரே பல கிளப்கள் போட்டி போடுகின்றன, பேரம் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்றால் ஏஜென்ட் சரி.

வைப்பதானால் இவற்றைப் பாருங்கள். கால்பந்தில் ஏஜென்ட் தேர்வு எழுதி ஃபிஃபா உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் நிறுவனத்துக்குக் கிடையாது, ஆளுக்குத்தான். "எங்கள் கம்பெனி உரிமம் பெற்றது" என்று சொன்னால், யார் பெயரில் என்று கேட்டு ஃபிஃபாவின் பட்டியலில் தேடுங்கள். அவரோடு போடும் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது, தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து செல்லாது. 18 ஆகாதவரை ஏஜென்ட் அணுகுவதானால், அந்த நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடக்கூடிய வயதுக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் முடியும், அதுவும் பாதுகாவலரின் எழுத்துபூர்வ அனுமதியோடு. பதினான்கு வயதுப் பையனின் செல்போனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புகிறவர் அங்கேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

கமிஷனுக்கு ஃபிஃபா ஒரு உச்சவரம்பு வைத்தது: வருடச் சம்பளம் 2 லட்சம் டாலர் வரை 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட தொகைக்கு 3 சதவீதம். அது வழக்குகளில் மாட்டி 2023 டிசம்பர் இறுதியில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும் பேரம் பேச அந்த எண்கள் நல்ல அளவுகோல். கமிஷன் எதன் மேல், அடிப்படைச் சம்பளத்தின் மேலா, போனஸ் மேலும் உண்டா, விளம்பர வருமானத்திலும் பங்கா என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

அப்புறம் மாமா விஷயம். எல்லா வீட்டிலும் ஒரு மாமா இருப்பார், "வெளி ஆள் எதற்கு, நானே பேசிக்கொள்கிறேன்" என்பார். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது வேறு. கிளப்போடு பேரம் பேசிப் பங்கு வாங்குவது ஏஜென்ட் வேலை. அதற்கு உறவினருக்கும் உரிமம் வேண்டும்.

4. ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள்

எங்களைக் கூப்பிட்ட அறையில் மேசை மேல் மூன்று நகல், நீலப் பேனா, போட்டோ எடுக்க ஒரு ஆள். அப்பா உட்கார்ந்த உடனே பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். இருபத்தெட்டுப் பக்கம். "எல்லாம் வழக்கமானதுதான் சார்" என்றார் அலுவலகத்துக்காரர். நான் வாய் திறக்கவில்லை. புதிய இடம், பெரிய மேசை, தம்பியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வந்து இரவு படித்தபோதுதான் பத்தொன்பதாம் பக்கத்தில் அது கண்ணில் பட்டது. காலம் முடிந்ததும் மேலும் ஒரு வருடம் நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும், அதே சம்பளத்துக்கு. தம்பிக்கு அதில் பேச்சே இல்லை. அவன் நன்றாக ஆடினால் பழைய சம்பளத்துக்கே வைத்துக்கொள்ளலாம், ஆடாவிட்டால் விட்டுவிடலாம். முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த ஒரு வருடத்துக்குச் சம்பள உயர்வையாவது எழுத வைத்திருக்கலாம் என்று பின்னால் பார்த்த வழக்கறிஞர் சொன்னார்.

ஆகவே, போவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: "வரைவை பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள், படித்துவிட்டுப் பத்து நாளில் வருகிறோம்." இதற்குக் கோபப்படும் கிளப்பை நான் இதுவரை கேள்விப்படவில்லை. "இன்றைக்கே இல்லை என்றால் இடம் போய்விடும்" என்றால் பெரும்பாலும் அது அழுத்தம் கொடுக்கும் தந்திரம். பதிவுக் காலத்தின் கடைசி நாளில் மட்டும் அது உண்மையாக இருக்கலாம். அதனால்தான் கடைசி நாள் வரை இழுக்கவிடக் கூடாது.

படிக்கும்போது இந்த இடங்களில் நில்லுங்கள்.

காலம்: தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, நீட்டிக்கும் உரிமை யாருக்கு.

பணம்: உறுதியான சம்பளம் எவ்வளவு, "ஆடினால்" என்ற நிபந்தனையோடு வருவது எவ்வளவு. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்வார்கள். வீட்டுக் கணக்குக்கு முதல் எண்ணை மட்டும் எடுங்கள். சொல்லும் தொகை வரிக்கு முன்பா பின்பா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனை: "பரிசோதனையில் தேறினால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும்" என்று எழுதக் கூடாது என்கிறது ஃபிஃபா விதி. பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். பணி அனுமதிக்கும் இதே கதைதான்.

காயம்: நீண்ட காயத்தில் முழுச் சம்பளமா, எத்தனை மாதம் வரை, சிகிச்சையை யார் தேர்ந்தெடுப்பது, இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்க உரிமை உண்டா.

படமும் பெயரும்: பிள்ளையின் முகத்தை விளம்பரத்தில் பயன்படுத்தும் உரிமை எதுவரை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடர்கிறதா.

தங்குமிடம், படிப்பு, வீட்டுக்கு வந்துபோகும் பயணச் செலவு: வாயால் சொன்ன எதுவும் கணக்கில் வராது. "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பதை ஒரு வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

மகளாக இருந்தால் இன்னொன்று. 2021 முதல் ஃபிஃபா விதிப்படி குறைந்தது 14 வாரம் மகப்பேறு விடுப்பு, ஒப்பந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊதியத்தோடு. பதினெட்டு வயதுப் பெண்ணின் ஒப்பந்தத்தில் இதைப் பார்ப்பது வீட்டாருக்குச் சங்கடமாக இருக்கும். பரவாயில்லை, பாருங்கள்.

சம்பளம் வராவிட்டால்: இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாகிவிட்டால், கிளப்புக்கு எழுத்தில் அறிவித்து 15 நாளாவது அவகாசம் கொடுத்து, அப்போதும் வரவில்லை என்றால் ஆட்டக்காரர் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் புலம்புவது அறிவிப்பு ஆகாது. தேதி போட்ட கடிதம் வேண்டும், சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

கையெழுத்தான அன்றே இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். "சங்கத்தில் பதிவான பிறகு தருகிறோம்" என்ற நகல் சில வீடுகளுக்கு வந்து சேர்வதே இல்லை.

5. உடல் பரிசோதனையில் எதையும் மறைக்காதீர்கள்

ஈ.சி.ஜி., இதய எக்கோ, ரத்தம், மூட்டுகளுக்கு எம்.ஆர்.ஐ. என்று ஒரு நாள் முழுக்கப் போகும். பழைய காயத்தைச் சொன்னால் வேண்டாம் என்று விடுவார்களோ என்று பயமாகத்தான் இருக்கும். ஆனால் மறைத்தது பின்னால் வெளியே வந்தால் காப்பீடு கை விரித்துவிடும், கிளப்பும் கேள்வி கேட்கும். பழைய ஸ்கேன்களை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

கிளப்பின் காப்பீடு பொதுவாகச் சிகிச்சைச் செலவைப் பார்க்கும். ஆட்டமே முடிந்துபோகும் காயத்துக்கு ஈடு தருமா என்பது வேறு கேள்வி. பாலிசியின் நகலைக் கேளுங்கள், விலக்குகள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். தனியாகக் காப்பீடு எடுப்பதானால் இளம் வயதிலேயே, முதல் பெரிய காயத்துக்கு முன்பே எடுக்க வேண்டும். ஒரு முழங்காலில் அறுவை செய்த பிறகு போனால் அந்த முழங்காலைத் தவிர்த்துத்தான் பாலிசி தருவார்கள்.

6. வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்குத் தம்பி கூப்பிட்டான். "அக்கா, மூக்கடைப்புக்கு அம்மா பையில் ஒரு மாத்திரை வைத்திருக்காங்க, போடலாமா?" அட்டையின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சூடோஎபிட்ரின் இருந்தது. போட்டி நேரத்தில் சிறுநீரில் ஒரு அளவுக்கு மேல் தெரிந்தால் அது தடை செய்யப்பட்ட பொருள். மறுநாள் ஆட்டம். வேண்டாம் என்றேன். அம்மா எல்லா வீட்டு அம்மாக்களும் செய்வதைத்தான் செய்தார்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதியில், உடம்பில் இருப்பது எப்படி வந்திருந்தாலும் முதல் பொறுப்பு ஆட்டக்காரருடையது. ரஷ்யப் பனிச்சறுக்கு நடன வீராங்கனை கமிலா வலியேவாவுக்கு 2021 டிசம்பர் 25 அன்று ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுத்தபோது வயது 15. டிரைமெட்டாசிடின் என்ற இதய மருந்து கிடைத்தது. தாத்தாவின் மருந்திலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் தரப்பு வாதாடியது. 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை ஏற்காமல், மாதிரி எடுத்த நாளிலிருந்து நான்கு வருடத் தடை என்று தீர்ப்புச் சொன்னது.

வீட்டில் செய்ய வேண்டியது இது. வாடாவின் தடைப் பட்டியல் ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 முதல் புதிதாக நடைமுறைக்கு வரும், அன்று வீட்டிலுள்ள மருந்துகளை ஒருமுறை அதோடு ஒப்பிடுங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா போன்ற நிரந்தர மருந்து இருந்தால், அது பட்டியலில் எங்கே நிற்கிறது என்று கிளப் மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு ஒரு நாளில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி, அதிலும் எந்த எட்டு மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டக் கூடாது. தடை செய்யப்பட்ட மருந்து தவிர்க்கவே முடியாது என்றால், சிகிச்சைக்கான விலக்கு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். எந்த மருத்துவரிடம் போனாலும் "போட்டியில் ஆடுகிறவன்" என்று வாய் திறந்து சொல்லவும் பழக்குங்கள். புரதப் பவுடர், "இயற்கை" மூலிகை உருண்டை எல்லாவற்றிலும் லேபிளில் இல்லாதது கலந்திருக்கலாம். ஜிம் நண்பர் கொடுத்ததை வாங்கி வைக்காதீர்கள்.

18 ஆகாதவரிடம் மாதிரி எடுக்கும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க உரிமை உண்டு. அது யார் என்று முன்பே முடிவு செய்யுங்கள். மேல்மட்டத்துக்குப் போய் ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் சேர்க்கப்பட்டால், தினமும் காலை 5 முதல் இரவு 11 வரைக்குள் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறல். திடீரென்று அத்தை வீட்டுக்குக் கிளம்பும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவும்.

அப்படியே குடும்ப வாட்ஸ்அப் குழுவையும் பாருங்கள். "தம்பிக்குக் கால் வலி, நாளைக்கு ஆட மாட்டான்" என்று யாராவது போட்டால், அது சூதாட்டக்காரர்களுக்குப் பணம். தொழில்முறை ஆட்டக்காரர் தன் விளையாட்டில் பந்தயம் கட்டக் கூடாது, உள்தகவலும் வெளியே தரக் கூடாது. டென்னிஸில் ஆட்டக்காரரோடு வரும் குடும்பத்தாரையும் அந்த விதி கட்டும். எங்கள் குழுவில் ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டார். சித்தப்பா ஒரு வாரம் பேசவில்லை.

7. பணம்: செலவு முன்னால் வரும், வரவு பின்னால் வரும்

முதல் சம்பளத்துக்கு முன் வீட்டிலிருந்து போகும் செலவுகள்: டிரையலுக்குப் பயணம், துணைக்கு வருபவரின் பயணமும் தங்கலும், ஷூக்கள், ஸ்கேன், ஆவணத் திருத்தம், நோட்டரி, மொழிபெயர்ப்பு, வழக்கறிஞர், தேவைப்பட்டால் விசா. எங்களுக்கு ஷூவைவிடக் காகிதங்களுக்கே அதிகம் ஆனது. இதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பின்னால் கிளப் திருப்பித் தருவதாகச் சொன்னால் ரசீது கேட்பார்கள்.

சம்பளக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். 18 ஆகும் வரை பெற்றோர் ஒருவர் கூட்டாக இருக்கலாம். வரிக்கான பங்கை வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றுங்கள். முதல் வருடம் சம்பளத்தை நம்பி அப்பாவோ அம்மாவோ வேலையை விடாதீர்கள், வீட்டுக் கடனை அதன் மேல் வாங்காதீர்கள். ஒப்பந்தம் இரண்டு வருடம், கடன் இருபது வருடம். வீட்டுக்கு அவன் கொடுக்கும் தொகையை முதல் மாதமே பேசி முடிவு செய்துவிட்டால், ஒவ்வொரு மாதமும் கேட்கும் சங்கடம் இல்லை. செலவழித்ததைத் திருப்பித் தர வேண்டுமா என்பதும் இதே பேச்சில் முடியட்டும். எங்கள் அப்பா "வேண்டாம்" என்றார். அம்மா நோட்டைக் கிழிக்கவில்லை, பரணில் வைத்திருக்கிறார்.

டென்னிஸ், ஸ்குவாஷ் போன்றவற்றில் இந்தப் பகுதி முழுக்க வேறு. அங்கே சம்பளம் கிடையாது. கோச், விமானம், தங்குமிடம் எல்லாம் ஆட்டக்காரர் கணக்கு. பரிசுப் பணத்திலும் போட்டி நடக்கும் நாடு பெரும்பாலும் வரி பிடித்துக்கொள்ளும். முதல் சுற்றில் தோற்றால் அந்த வாரம் நஷ்டம். தம்பியோடு படித்த பெண்ணின் வீட்டில், "இத்தனை மாதம், இவ்வளவு பணம், அதற்குள் தரவரிசை இந்த இடம்" என்று ஒரு எல்லையை முன்பே எழுதி ஒட்டினார்கள். அப்போது எனக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. இப்போது அவர்கள் செய்ததுதான் சரி என்று நினைக்கிறேன். எல்லை வந்தபோது யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

8. வீட்டை விட்டு அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டியவை

விடுதியில் யார் பொறுப்பு, இரவில் யார் இருப்பார், 18 ஆகாதவரும் பெரியவர்களும் ஒரே அறையா, புகார் சொல்வதற்குக் கோச் அல்லாத ஒருவர் உண்டா? அந்த ஒருவரின் பெயரும் எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவராக இருந்த லாரி நாசர் வழக்கில், சில பிள்ளைகள் பெற்றோர் அதே அறையில் இருந்தபோதே சிகிச்சை என்ற பெயரில் சீண்டப்பட்டார்கள். சிகிச்சை என்றால் என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும், பிள்ளை வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். இதைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள், பையனாக இருந்தாலும்.

மகளுக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், "பயிற்சி அதிகம், அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். உடம்புக்கு வேண்டிய அளவு சாப்பாடு போகவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், எலும்பு வரைக்கும் பாதிக்கும். மருத்துவரிடம் போக வேண்டும்.

தொலைபேசியில் முதல் கேள்வி ஆட்டத்தைப் பற்றி வேண்டாம். அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "எத்தனை நிமிஷம் இறக்கினாங்க?" என்று கேட்பார். கேலரியில் உட்கார்ந்திருந்த அந்த நான்கு மாதமும் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கவே இல்லை.

9. முடிவுத் தேதியையும் காலண்டரில் எழுதுங்கள்

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போட ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. அந்தத் தேதியை முதல் நாளே குறித்து வையுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, நீட்டிக்கும் எண்ணம் உண்டா என்று கிளப்பிடம் எழுதிக் கேளுங்கள். இளம் ஆட்டக்காரர்களில் நிறையப் பேர் முதல் ஒப்பந்தத்தோடு விடுவிக்கப்படுவார்கள். அந்தச் செய்தி பெரும்பாலும் சீசன் கடைசியில், ஐந்து நிமிடச் சந்திப்பில் வரும். அன்று வீட்டிலிருந்து ஒருவர் அந்த ஊரில் இருப்பது நல்லது.

விடுவித்தால் அதே வாரத்தில் வாங்க வேண்டியவை: விடுவிப்புக் கடிதம், பாக்கிச் சம்பளமும் போனஸும் எப்போது வரும் என்று எழுத்தில், மருத்துவக் கோப்பின் முழு நகல், வரி பிடித்ததற்கான சான்று, ஆடிய ஆட்டங்களின் வீடியோ. பிறகு கேட்டால் ஆள் மாறியிருப்பார்கள். கடிதத்தைக் கையில் வாங்கியதும், அங்கேயே நின்று, பெயரை எழுத்து எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.